58 யூரோ டிக்கெட்டில் ஆறு நாள்: ஜெர்மனியின் நீலப் பக்கம்

நாள் 1: அக்டோபர் 6, 2025, திங்கள், கெல்சன்கிர்ஷன்

பிப்ரவரி 24 காலை, ஆபீஸ் காபி மெஷின் பக்கத்தில் யாரோ போனில் ஒரு வரைபடத்தைக் காட்டினார்கள். முந்தின நாள் நடந்த நாடாளுமன்றத் தேர்தலின் முடிவு. கிழக்கு ஜெர்மனி ஏறக்குறைய முழுக்க நீலம், மேற்கு பெரும்பாலும் கறுப்பு. 1990இல் அழித்த எல்லையை ஸ்கேல் வைத்துத் திரும்பவும் போட்டதுபோல இருந்தது. கறுப்பு பழமைவாதக் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் நிறம். நீலம் தீவிர வலதுசாரி ஏ.எஃப்.டி. கட்சியின் நிறம். 2013இல் யூரோ நாணயத்தை எதிர்த்துக் கிளம்பிய கட்சி. 2015இல் சிரிய அகதிகள் பெருமளவில் வந்த பிறகு குடியேற்ற எதிர்ப்பே அதற்கு முழுநேரத் தொழில் ஆனது. நாடு முழுக்க 20.8 சதவீதம் வாங்கி இரண்டாம் இடம். துரிங்கியா மாநிலத்தில் மட்டும் 38.6.

"அந்தப் பக்கம் நீ தனியா போகாதே" என்றான் என் டீம் லீட். நீ போயிருக்கிறாயா என்று கேட்டேன். பெர்லின் தவிர எங்கும் போனதில்லையாம்.

ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. இங்கே பத்தில் மூன்று பேர் வெளிநாட்டுக் குடிமக்கள், என் தெருவில் என்னை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கிழக்கு மாநிலங்களான சாக்சனியிலும் துரிங்கியாவிலும் பத்துக்கு ஒருவர்கூட வெளிநாட்டுக்காரர் கிடையாது. ஆளே அதிகம் வராத இடத்தில் வந்தவன்மேல் இவ்வளவு கோபம் ஏன்? இதற்குத்தான் ஒரு வார லீவ். கையில் மாதம் 58 யூரோ ரயில் டிக்கெட். வட்டார ரயில்களில் மட்டும்தான் செல்லும், வேக ரயிலில் ஏறக்கூடாது. சரி, ஊர் ஊராக நின்று போகிற வண்டியில்தானே ஆட்கள் பேசுவார்கள்.

ஆனால் முதலில் கிழக்கே போகவில்லை. அந்த வரைபடத்தில் மேற்கிலும் இரண்டு இடங்களில் ஏ.எஃப்.டி. முதலில் வந்திருந்தது. கைசர்ஸ்லாவ்டெர்ன் ஒன்று, ரூர் பகுதியின் கெல்சன்கிர்ஷன் மற்றொன்று. இங்கே 24.7 சதவீதம், சமூக ஜனநாயகக் கட்சிக்கு 24.1. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஊர். தலைமுறை தலைமுறையாக அந்தக் கட்சியின் சிவப்புக்கே ஓட்டுப் போட்ட ஊர்.

நாலு ரயில் மாறி மத்தியானம் வந்து சேர்ந்தேன். ஒரு காலத்தில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் இருந்த நகரத்தில் இன்று 2.6 லட்சம்தான். கடைசிச் சுரங்கத்தை 2008இல் மூடினார்கள். ஸ்டேஷன் தெருவில் கடைகளைவிட 'வாடகைக்கு' போர்டுகள்தான் கண்ணில் பட்டன.

ரூர் பகுதியில் தெருமுனைப் பெட்டிக்கடைக்கு டிரிங்க்ஹாலே என்று பேர். பீர், சிகரெட், பத்திரிகை, எண்ணி எடுத்துக்கொடுக்கும் மிட்டாய். நான் நின்ற கடையின் உரிமையாளருக்கு ஐம்பது வயதிருக்கும். அப்பா துருக்கியிலிருந்து சுரங்கத்துக்கு வந்தவர். 1961இல் ஜெர்மனி துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் போட்டதே, அந்த வழியில் வந்த குடும்பம். வெளிநாட்டுக்காரர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டால் அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் எதிர்ப்பக்கக் கட்டடத்தைக் காட்டினார். மூன்று மாடி, ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் அட்டை, வாசலில் கிழிந்த மெத்தை.

"சொந்தக்காரன் எங்கேயோ இருக்கான். ரூமுக்கு எட்டுப் பேரைப் போட்டு பல்கேரியா, ருமேனியா ஆளுங்ககிட்ட தலைக்கு இவ்வளவுன்னு வாங்கறான். மெத்தையைப் பார்த்தா எங்க வாடிக்கையாளருக்குக் கோபம் வருது. யார்மேல வரணும்? சொந்தக்காரனை யாரும் பார்த்ததில்லையே."

நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். "நான் பெட்டிக்கடைக்காரன். எல்லாருக்கும் பீர் விக்கறவன்" என்றார்.

எட்டு நாள் முன்புதான் இங்கே மேயர் தேர்தலின் இரண்டாம் சுற்று நடந்தது. ஏ.எஃப்.டி. வேட்பாளரும் சமூக ஜனநாயகக் கட்சியின் ஆன்ட்ரியா ஹென்ஸும் மோதினார்கள். ஹென்ஸ் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்கி ஜெயித்தார். இரண்டு பேரின் சுவரொட்டியும் இன்னும் கம்பங்களில் தொங்குகின்றன. 'ஆளே வராத ஊரில்தான் கோபம்' என்ற என் சூத்திரம் முதல் நாளே நொண்டிவிட்டது.

நாள் 2: செவ்வாய், ஹாம்

பக்கத்தில்தானே என்று அம்மனைப் பார்க்கப் போனேன். ஹாம் நகரத்தின் ஊன்ட்ரொப் தொழிற்பேட்டையில், லாரி கம்பெனிகளுக்கு நடுவே, 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில். நிஜமான கோபுரம். வருஷத் தேருக்கு ஐரோப்பா முழுக்க இருந்து ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்பதால் பத்துப் பேர்தான் இருந்தோம்.

பிரசாதம் வாங்கிக்கொண்டு வெளியே உட்கார்ந்தபோது ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், 1984இல் வந்தவர். எப்படி வந்தீர்கள் ஐயா என்றேன். அதற்கு அவர் சொன்னதுதான் இந்த முழுப் பயணத்திலும் எனக்குப் புதுச் செய்தி.

"மொஸ்கோவால கிழக்கு பெர்லினுக்கு பிளேன். அங்க கொம்யூனிஸ்ட் நாடு, எங்களை நிப்பாட்ட மாட்டாங்கள். அப்பிடியே ரெயின் ஏறி மேற்கு பெர்லின்ல இறங்கி, அகதி எண்டு சொல்லிப்போட்டு நிண்டம். மேற்குக்காரருக்கு எல்லையில செக் பண்ணேலாது தம்பி. செக் பண்ணினா அது எல்லை எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி ஆயிடும்."

உண்மைதான். பெர்லின் சுவர் வழியே செல்லும் எல்லையை மேற்கு ஜெர்மனி சர்வதேச எல்லையாக ஏற்கவில்லை. அந்தச் சட்ட நுணுக்கத்தின் ஓட்டையில்தான் தமிழர்கள் நுழைந்தார்கள். மேற்கு அரசியல்வாதிகள் கத்தித் தீர்த்த பிறகு, 1985இல் கிழக்கு ஜெர்மனி அந்த வழியை நம்மவர்களுக்கு அடைத்தது. நாற்பது வருஷம் முன்பு இந்த நாட்டின் 'அகதிப் பிரச்சினை' என்று பத்திரிகைகளில் அடிபட்ட பெயர்களில் ஒன்று 'தமிலென்', ஜெர்மன் மொழியில் தமிழர்கள். அது நாம்தான்.

பெரியவர் உணவக அடுப்படியில் கோப்பை கழுவித் தொடங்கி, பிறகு ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் வேலை பார்த்து, வீடு வாங்கி, இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். இப்போது வருபவர்களைப் பற்றிக் கேட்டேன்.

"கதவைச் சாத்தத்தான் வேணும். நாங்கள் வரேக்க எங்களுக்கு ஒருத்தரும் இவ்வளவு தரேல்ல. இவங்கள் வந்த உடன காசு, வீடு, வகுப்பு. உழைக்கிற எண்ணம் இல்லை."

ஐயா, அன்றைக்கு உங்களைப் பற்றியும் இதையேதானே எழுதினார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எழுதினவங்கள்தான்" என்று சொல்லிவிட்டு, என் தொன்னையைப் பார்த்து, "பொங்கல் காணுமோ? உள்ள இன்னும் கிடக்கு" என்றார்.

நாள் 3: புதன், துரிங்கியாவில் ஒரு சின்ன ஊர்

காசல் வழியாக எர்ஃபுர்ட். பழைய எல்லையை எங்கே தாண்டினோம் என்று தெரியவேயில்லை. வழியில் போனில் செய்தி: மூன்றே வருஷத்தில் குடியுரிமை வாங்கும் விரைவு வழியை நாடாளுமன்றம் இன்று நீக்கிவிட்டது. ஐந்து வருஷ வழி இருக்கிறது. என் விண்ணப்பம் அந்த ஐந்து வருஷக் கட்டில்தான் எங்கோ தூங்குகிறது. இருந்தாலும் அடிவயிறு ஒரு முறை இழுத்துப் பிடித்தது.

எர்ஃபுர்ட் அழகான ஊர், பாலத்தின் மேலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். ஆனால் எனக்கு நினைவுக்கு வந்தது 1975 ஆகஸ்ட். அல்ஜீரியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்களை இந்தத் தெருக்களில் கும்பல் துரத்தித் துரத்தி அடித்தது. கம்யூனிஸ்ட் அரசு அதை வெளியே பேசவிடவில்லை. சகோதர நாட்டுத் தோழர்கள் அல்லவா!

கிழக்கிலும் வெளிநாட்டுக்காரர்கள் இருந்தார்கள். வியட்நாம், மொசாம்பிக், கியூபா. 1989இல் வியட்நாமியர் மட்டும் ஏறத்தாழ 60,000 பேர். தனி விடுதி, ஆளுக்கு ஐந்து சதுர மீட்டர், கர்ப்பமான பெண்ணுக்குக் கலைப்பு அல்லது ஊருக்குத் திரும்பும் விமானம். பக்கத்து வீட்டுக்காரராக யாரும் ஆகவிடவில்லை. சுவர் விழுந்ததும் கையில் கொஞ்சம் காசு கொடுத்துப் பெரும்பாலோரை அனுப்பிவிட்டார்கள். மீதி இருந்தவர்கள் பூக்கடையும் நூடுல்ஸ் கடையும் வைத்தார்கள். மேற்கில் துருக்கியன் பெட்டிக்கடைக்கும் கால்பந்து அணிக்கும் வந்து சேர முப்பது வருஷம் கிடைத்தது. கிழக்கில் அந்த முப்பது வருஷம் நடக்கவேயில்லை. மேற்கு ஏதோ புனிதம் என்றில்லை. 1993இல் பெண்களும் சிறுமிகளுமாக ஐந்து துருக்கியரை வீட்டோடு எரித்துக் கொன்ற சோலிங்கன் மேற்கில்தான் இருக்கிறது.

ராத்தங்கல் எர்ஃபுர்ட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, பேர் சொல்ல வேண்டாம், ஒரு அம்மா நடத்தும் நாலு அறை விடுதி. எழுபது தாண்டியவர். சுவரில் மூன்று பிள்ளைகளின் திருமணப் படங்கள். ஒருவர் ஸ்டுட்கார்ட், ஒருவர் சூரிச், ஒருவர் "உங்க ஊர்தான், ஃபிராங்க்ஃபர்ட்". சூப் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் கேட்கும் முன்பே, "நான் நீலத்துக்குத்தான் போட்டேன், தெரிஞ்சுக்க" என்றார். கோபமாக இல்லை, சர்க்கரை நோய் இருக்கிறது என்று சொல்வதுபோல.

ஏன் என்றேன். அகதிகள் என்று ஆரம்பித்தார். ஒரு வாக்கியம்தான். அதற்கப்புறம் அரை மணி நேரம் வேறு கதை. 1991இல் மூடிய கண்ணாடித் தொழிற்சாலை. வேலை போன கணவர். பேருந்து ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஆனது. பள்ளிக்கூடத்தைப் பக்கத்து ஊரோடு சேர்த்தது. பெரிய மகள் போனது, நடு மகள் போனது, அந்த வகுப்பில் படித்த பெண்கள் எல்லோரும் போனது. "டாக்டரும் ஓய்வு பெற்றுட்டார். ரெண்டு வருஷம் யாரும் வரலை. இப்ப எங்க சிரியன் வர்றான், வாரம் மூணு நாள்."

எங்க சிரியன். அந்த 'எங்க'வை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

வந்தவர்களைப் பற்றிக் கேட்டால் போனவர்களைப் பற்றிப் பதில் வருகிறது என்று ராத்திரி நோட்டில் எழுதினேன். எழுதிவிட்டு ஒரு கேள்விக்குறியும் போட்டேன். இதே மாநிலத்தில் சோன்னெபெர்க் மாவட்டம் இருக்கிறது. 2023இல் நாட்டிலேயே முதன்முறையாக ஏ.எஃப்.டி. ஆளை மாவட்டத் தலைவராகத் தேர்ந்தெடுத்த இடம். அங்கே அப்படியொன்றும் பெரிய வேலையில்லாத் திண்டாட்டம் கிடையாது. பக்கத்து பவேரியாவுக்கு வண்டி ஓட்டிப் போய் சம்பாதித்துத் திரும்புகிறார்கள். அதனால் 'பாவம், வேலை இல்லை' என்ற பரிதாபக் கதையும் போதாது.

நாள் 4: வியாழன், லைப்சிக்

காலையில் அந்த அம்மா ரொட்டியில் சீஸ் வைத்து வழிக்குக் கட்டிக் கொடுத்தார். "உன்னைச் சொல்லலை, புரியுதா?" என்றார். இந்த வாக்கியத்தை இந்த நாட்டில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! என்னைச் சொல்லவில்லை என்றால் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த ஆப்கன் பையனைச் சொல்கிறீர்கள். அவனுக்கும் யாராவது இதையே சொல்லியிருப்பார்கள்.

லைப்சிக் வேறு உலகம். சாக்சனியில்தான் இருக்கிறது, மாநிலத்தில் ஏ.எஃப்.டி. 37.3 வாங்கியது, ஆனால் நகரத்தின் தெற்குத் தொகுதியில் ஜெயித்தவர் இடதுசாரி கட்சியின் சோரன் பெல்மன். டிராமில் அரபி, வியட்நாமி, ஸ்பானிஷ் எல்லாம் காதில் விழுகிறது. கிழக்கு என்று ஒரே வண்ணத்தில் அடித்துவிடும் என் ஆபீஸ் வரைபடம் இந்த மாதிரி ஊர்களை விழுங்கிவிடுகிறது.

இன்று அக்டோபர் 9. 1989இல் இதே நாளில், ஒரு திங்கள்கிழமை, நிக்கோலாய் தேவாலயத்திலிருந்து 70,000 பேர் கிளம்பி நடந்தார்கள். ராணுவம் சுடும் என்று ஆஸ்பத்திரிகளில் ரத்தம் சேர்த்து வைத்திருந்த இரவு. யாரும் சுடவில்லை. ஒரு மாதத்தில் சுவர் விழுந்தது. வருஷா வருஷம் இதே இரவு சதுக்கத்தில் மெழுகுவத்திகளை '89' என்று அடுக்குகிறார்கள். நானும் ஒன்று வைத்தேன். காற்றில் அணைந்தது, பக்கத்தில் நின்ற சிறுமி தன்னுடையதிலிருந்து பற்றவைத்துக் கொடுத்தாள்.

அன்று அவர்கள் போட்ட கோஷம் 'நாங்களே மக்கள்'. 25 வருஷம் கழித்து, 2014 அக்டோபரில், டிரெஸ்டனில் பெகிடா என்ற இஸ்லாமிய எதிர்ப்பு இயக்கம் அதே திங்கள்கிழமையையும் அதே கோஷத்தையும் எடுத்துக்கொண்டது. சதுக்கத்தில் நரைத்த தாடிக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது மெழுகுவத்தியைக் கீழே வைத்துவிட்டு, "திருட்டு" என்றார். ஒரே வார்த்தை.

நாள் 5: வெள்ளி, டிரெஸ்டன்

மழை. அரண்மனை, ஓவியக்கூடம், ஆற்றங்கரை எல்லாம் பார்த்தேன், அதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மேற்கு ஜெர்மன் டி.வி. இந்தப் பள்ளத்தாக்கில் எடுக்காததால் அந்தக் காலத்தில் இதற்கு 'விவரம் தெரியாதவர்கள் பள்ளத்தாக்கு' என்று கேலிப்பெயர். பெகிடாவுக்கு ஒரு கட்டத்தில் இங்கே 25,000 பேர் வரை கூடினார்கள். கடைசி நடை போன வருஷம் அக்டோபரில் முடிந்துவிட்டது. தெருவில் கத்த வேண்டிய அவசியம் இல்லை, சட்டமன்றத்திலேயே இடம் கிடைத்துவிட்டது.

அப்பா போனில் கேட்டார், "அங்க உன்னை யாரும் எதுவும் சொல்லலையே?" இல்லப்பா என்றேன். டிராமில் ஒருவன் என்னைப் பார்த்து ஏதோ முணுமுணுத்ததைச் சொல்லவில்லை.

நாள் 6: சனி, கெர்லிட்ஸ்

நாட்டின் கிழக்குக் கோடி. இந்தத் தொகுதியில் ஏ.எஃப்.டி. தலைவர்களில் ஒருவரான டினோ குருபல்லா 48.9 சதவீதம் வாங்கினார். நீலத்திலும் அடர் நீலம்.

போரில் குண்டு படாத ஊர், அதனால் நானூறு வருஷத்துக் கட்டடங்கள் வரிசையாக அப்படியே நிற்கின்றன. சினிமாக்காரர்கள் இதற்காகவே வருகிறார்கள். சனிக்கிழமை காலை பத்து மணி, வெயில் அடிக்கிறது, தெருவில் என் காலடிச் சத்தம் எனக்கே கேட்கிறது. ஜன்னல்களில் திரை இருக்கிறது, திரைக்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா என்று நிச்சயமில்லை. 1990இலிருந்து ஊரில் ஐந்தில் ஒரு பங்கு ஜனம் குறைந்துவிட்டது.

நடுவே நைஸ ஆறு. அந்தக் கரை போலந்து, ஊர் பேர் ஸ்கொஷெலெட்ஸ். 1945க்கு முன் இரண்டும் ஒரே ஊர். போர் முடியும்போது தகர்த்த நடைபாலத்தை 2004இல்தான் திரும்பக் கட்டினார்கள். அதில் ஒரு வேடிக்கை. ஜெர்மனி 2023 அக்டோபரிலிருந்து போலந்து எல்லையில் சோதனை போடுகிறது, அகதிகள் அங்கிருந்து வருகிறார்கள் என்று. போலந்து இந்த வருஷம் ஜூலையிலிருந்து பதிலுக்குச் சோதனை போடுகிறது, ஜெர்மனி அகதிகளைத் தங்கள் பக்கம் தள்ளிவிடுகிறது என்று. எண்பது மீட்டர் பாலம், இரண்டு முனையிலும் சீருடை.

பாலத்துக்குப் பக்கத்துப் பெஞ்சில் ஒருவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து இருக்கும், பெரிய கைகள். எங்கிருந்து என்றார். ஃபிராங்க்ஃபர்ட் என்றேன். "ரயிலிலயா? மாடி வச்ச ரயிலா?" ஆமாம், நேற்று ஒன்றில் வந்தேன். "அது நான் செஞ்சது."

இந்த ஊரில் 175 வருஷமாக ரயில் பெட்டி செய்தார்கள். ஜெர்மனியின் சிவப்பு மாடி ரயில்கள் இங்கே பிறந்தவைதான். முதலாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், கடைசியாக ஆல்ஸ்டம். இந்தப் பிப்ரவரியில், தேர்தலுக்குச் சில வாரம் முன்பு, கே.என்.டி.எஸ். என்ற ஆயுத நிறுவனம் ஆலையை எடுத்துக்கொள்வதாகக் கையெழுத்தானது. இனி டாங்கி பாகம் செய்வார்கள். அவர் வெல்டர். ஓய்வு பெற்றுவிட்டார், மகன் மூனிக்கில்.

அவரும் நீலம்தான், கேட்காமலே சொன்னார். இந்த ஊர் மேயர் ருமேனியாவில் பிறந்தவர் ஆயிற்றே என்றேன். ஒக்டாவியன் ஊர்சு, 1990இல் இங்கே இசைக்குழுவில் டிரம்பெட் வாசிக்க வந்தவர். 2019இல் மற்றக் கட்சிகள் எல்லாம் ஒதுங்கி வழிவிட, ஏ.எஃப்.டி. ஆளை 55.2 சதவீதத்தில் தோற்கடித்தார். பெரியவர் தோளைக் குலுக்கினார். "அவர் நல்லா வாசிப்பார்" என்றார்.

சிகரெட் வாங்க அந்தக் கரைக்குப் போவதாகச் சொன்னார், விலை குறைவாம். நானும் வருகிறேன் என்று கூடவே நடந்தேன். போகும்போது போலந்துக் காவலர் எங்களைப் பார்த்துத் தலையாட்டினார், அவ்வளவுதான். கடையில் கல்லாவில் இருந்த பெண் அவரிடம் ஜெர்மனில் பேசினாள். அவர் போலிஷில் நன்றி சொன்னார். எங்கே கற்றீர்கள் என்றதற்கு, ஆலையில் பாதிப் பேர் அந்தக் கரையிலிருந்து வந்தவர்கள்தானே என்றார்.

திரும்பும்போது பாலத்தின் நடுவே, மாடி ரயிலின் சக்கரச் சட்டத்தை எப்படி வெல்டு வைக்க வேண்டும் என்று கையால் காட்டிக்கொண்டு வந்தார். ஓரத்திலிருந்து ஆரம்பிக்கக்கூடாது, நடுவில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் போக வேண்டும், இல்லையென்றால் சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளும். இந்த முனைக்கு வந்ததும் ஜெர்மன் போலீஸ்காரர் கை நீட்டினார். முன்னால் போன குடும்பத்தை விட்டார், அவரை விட்டார், என்னை நிறுத்தினார். பாஸ்போர்ட், வதிவிட அட்டை. மரியாதையாகத்தான் கேட்டார். அட்டையை ஒரு கருவியில் வைத்தார், யாரிடமோ பேசினார், முகத்தைப் பார்த்தார். நாலு நிமிஷம் இருக்கும்.

பெரியவர் பத்தடி தள்ளி நின்றார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்த்துக்கொண்டு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. அட்டையை வாங்கிக்கொண்டு நான் பக்கத்தில் வந்ததும் சிகரெட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைத் திரும்பத் தூக்கினார்.

"நடுவிலிருந்து" என்றார். "அதுக்கப்புறம் இடது பக்கம் பத்து சென்டிமீட்டர், ஆறவிடணும்."